'ஓம்' எண்டா 'யெஸ்' இல்லை

1999ஆம் ஆண்டு, கோட்டையில ஒரு சின்ன ஒஃபிஸ். துறைமுகத்துக்கு வாற சாமானை கிளியர் பண்ணிக் குடுக்கிற ஆக்கள். நான் வேலைக்குச் சேந்து மூண்டு கிழமைதான். ஒரு வெள்ளிக்கிழமை, ரெண்டு மணி தாண்டியிருக்கும், பெரியவர் தன்ர அறைக் கதவால தலையை மட்டும் நீட்டி "யூ ஹேவின்ட் கோன் டு த பாங்க் யெட்?" எண்டு கேட்டார். நான் பாங்குக்குப் போகேல்ல. அதால உள்ளதைச் சொல்லுவம் எண்டு எழும்பி நிண்டு "யெஸ் சேர்" எண்டன். அவர் "குட்" எண்டிட்டுத் தலையை உள்ள இழுத்திட்டார்.

எனக்குக் கொஞ்சம் புதினமாத்தான் இருந்தது. பாங்குக்குப் போகாததுக்கு ஏன் இந்த மனுசன் 'குட்' சொல்லுறார்? சரி, செக்கைத் திங்கக்கிழமை போடச் சொல்லுறார் போல எண்டு நினைச்சு அதை லாச்சிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு அஞ்சு மணிக்கு 101 பஸ்ஸைப் பிடிச்சு வெள்ளவத்தைக்கு வந்திட்டன். திங்கக்கிழமை காலமை வந்தா ஒஃபிஸே கொதிச்சுக்கொண்டு நிக்குது. காசு கட்டாததால பெட்டி துறைமுகத்திலயே கிடக்கு, சாமானை எடுக்கப் பிந்தினதுக்குக் கட்டுற டெமரேஜ் காசு ஏறிக்கொண்டிருக்கு, சாமானுக்குச் சொந்தக்காரன் போனில கத்துறான். பெரியவர் என்னைக் கூப்பிட்டு "யூ டோல்ட் மீ யூ வென்ட்!" எண்டார். நான் அப்பிடிச் சொல்லவே இல்லை எண்டு எனக்கு நல்லாத் தெரியும், ஆனா அதை இங்கிலீஷில சொல்ல வாயில ஒரு சொல்லும் வரேல்ல, அழுகைதான் வந்தது. கொழும்பிலயே பிறந்து வளந்து வீட்டிலயும் இங்கிலீஷே கதைக்கிற தமிழர் அவர், என்ர தமிழ் அவருக்கு விளங்காம விடாது. ஆனா எனக்குத் தமிழில வாய் திறக்கவும் ஏலாமப் போச்சு.

இந்தப் பெட்டை பொய் சொல்லுது எண்டுதான் அவர் கடைசி வரைக்கும் நினைச்சிருப்பார்.

பொய் இல்லை, கிராமர். எங்கட ஆக்களிட்ட "நீ இன்னும் பாங்குக்குப் போகேல்லையா?" எண்டு கேட்டா "ஓம், போகேல்ல" எண்டுவினம். கேட்டவர் சொன்னது சரி எண்டு ஒத்துக்கொள்ளுறதுதான் எங்கட 'ஓம்'. இங்கிலீஷ்காரற்ற 'யெஸ்' கேட்ட ஆளைப் பாக்காது, நடந்த விஷயத்தைத்தான் பாக்கும். போனா யெஸ், போகேல்லையெண்டா நோ, கேள்வியை எப்பிடித் திருப்பிக் கேட்டாலும் பதில் அதுதான். நான் ஓமைத் தூக்கி யெஸ்ஸின்ர கதிரையில இருத்தினன், கதிரை முறிஞ்சு போச்சு. இது எனக்கு விளங்கப் பத்து வருசத்துக்குக் கிட்டப் பிடிச்சது, ஏன் எண்டா நான் படிச்ச ஒரு கிராமர் புத்தகத்திலயும் இது இல்லை. அந்தப் புத்தகங்களுக்கு 'ஓம்' எண்டு ஒரு சொல் உலகத்தில இருக்கிறதே தெரியாது.

நான் 1997இல காங்கேசன்துறையில கப்பல் ஏறித் திருகோணமலைக்கு வந்து அங்கயிருந்து கொழும்புக்கு வந்த ஆள், அப்ப யாழ்ப்பாணத்தில இருந்து வாற ஏ9 பாதை பூட்டு, அது 2002இலதான் திறந்தது. வரேக்க என்னட்ட ஓ.எல் சேர்டிபிக்கற் இருந்தது, அதில இங்கிலீஷுக்கு கிரெடிட்டும் இருந்தது. எழுதச் சொன்னா எழுதுவன். அக்டிவ் வொய்ஸைப் பாசிவ் வொய்ஸ் ஆக்குவன், டிரெக்ற்றை இன்டிரெக்ற் ஆக்குவன். கதைக்க மட்டும் ஏலாது. எங்கட அம்மப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்ச கிளாக்கர், அவர் எழுதின இங்கிலீஷ் கடிதங்களை அம்மா பெட்டிக்குள்ள வச்சிருந்தவ, கம்பி வளைச்ச மாதிரி அப்பிடி ஒரு கையெழுத்து. 1823இல இங்கிலீஷில படிப்பிச்ச மிஷன் செமினறி துவங்கின வட்டுக்கோட்டைதான் எங்கட ஊர், இங்கிலீஷ் எங்களுக்குப் புதுச் சாமான் இல்லை. பிறகு படிப்பு தாய்மொழிக்கு மாறினது, அது நல்ல விஷயம்தான், நான் அதுக்கு எதிரில்லை. ஆனா 1956இல சிங்களம் மட்டும் எண்டு சட்டம் வந்து அப்பான்ர தலைமுறை அந்தப் பக்கமும் போக ஏலாம இந்தப் பக்கமும் போக ஏலாம நிண்டது. 1987இல 13ஆவது திருத்தத்தோட தமிழும் ஆட்சிமொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி எண்டு அரசியலமைப்பில எழுதியாச்சு. இணைப்பு மொழி! அம்மப்பாவுக்கு வந்த பாஷை அப்பாவுக்கு வரேல்ல, நான் திரும்ப அரிவரியில இருந்து துவங்கினன். ஒரு வீட்டுக்குள்ளயே இணைக்கேல்ல.

அந்த டெமரேஜ் கூத்துக்குப் பிறகு நான் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனன். பேர் வேண்டாம். அங்க முதல் சட்டம், வகுப்புக்குள்ள தமிழ் கதைச்சா பத்து ரூபா பைன். மேசையில ஒரு பால்மா டின், மூடியில ஓட்டை. இங்கிலீஷிலயே யோசி, இங்கிலீஷிலயே கனவு காண் எண்டுவார் சேர். கனவு எங்க காணுறது, தலைக்குள்ள கிடக்கிறதே முப்பது சொல்லுத்தானே. பைனுக்குப் பயந்து ஆறு மாசம் நாங்கள் எல்லாரும் அமைதியா இருந்து படிச்சம். ஊமையா இருக்க நல்ல பயிற்சி. டின் நிரம்பினதோ தெரியாது, ஆனா கதைக்கப் பழகின ஆள் எண்டு அந்தப் பட்ச்சில ஒருத்தரையும் எனக்கு ஞாபகம் இல்லை.

இப்ப நான் பின்னேரம் வீட்டு ஹோலில வகுப்பு எடுக்கிறன். வெள்ளவத்தையில காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில இறங்கிற ஒழுங்கைகளில ஒண்டு, ரயில் போனா அரை நிமிசம் எல்லாரும் வாயை மூடவேணும், அது எங்கட வகுப்புக்கு இடைவேளை. இந்த ஏரியாவில மதிலுக்கு மதில் போஸ்டர், முப்பது நாளில ஸ்போக்கன் இங்கிலீஷ், ஐஈஎல்ரிஎஸ், ஜேர்மன் ஏ1, பிரெஞ்ச். ஆர் எந்த நாட்டுக்கு வெளிக்கிடீனம் எண்டு மதிலைப் பாத்தே சொல்லலாம். என்னட்ட வாறது ஒன்பது பேர்தான், அதுக்கு மேல கதிரை இல்லை. வவுனியாவில இருந்து வந்து மாமி வீட்டில நிக்கிற ஒரு பிள்ளை, மனுசன் லண்டனில, ஸ்பொன்சர் விசாவுக்கு இங்கிலீஷில ஏ1 எண்ட துவக்கநிலைப் பரீட்சை பாஸ் பண்ணவேணும், 2010 நவம்பரில இருந்து அது கட்டாயம். பாமசியில நிக்கிற பொடியன் ஒருத்தன், கனடாக் கனவு. பிறகு செட்டியார் தெருவில நாப்பது வருசம் நகைக்கடையில கணக்குப் பாத்திட்டு இப்ப வீட்டில இருக்கிற ஒரு ஐயா. அவருக்குப் பரீட்சையும் இல்லை விசாவும் இல்லை. லண்டனில பேரன், ஒன்பது வயசு, வட்ஸ்அப்பில வந்தா அவன் சொல்லுறது இவருக்கு விளங்குதில்லை, இவர் சொல்லுறது அவனுக்கு விளங்குதில்லை, ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக் கையாட்டிப்போட்டு வைக்கினம். வகுப்பில எல்லாரும் என்னை மிஸ் எண்ட, அவர் மட்டும் 'ரீச்சர் பிள்ளை' எண்டுவார்.

என்ர வகுப்பில பைன் டின் இல்லை, தமிழ் தாராளம். இதைச் சொன்னா இங்கிலீஷ் படிப்பிக்கிற சில பேர் என்னை ஒரு மாதிரிப் பாப்பினம், பழைய காலத்து மொழிபெயர்ப்பு முறை எண்டு. நான் மொழிபெயர்க்கச் சொல்லுறேல்ல. உங்களிட்ட ஏற்கனவே இருக்கிற கிராமரை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன். தமிழ் கதைக்கிற ஆருக்கும் கிராமர் தெரியாது எண்டு சொல்லேலாது. தெரியும் எண்டுறதுதான் அவைக்குத் தெரியாது.

'டிடின்ட் வென்ட்'டைப் பாருங்கோ. எங்கட நாட்டில சிங்களமோ தமிழோ ஆரைக் கேட்டாலும் இந்தப் பிழை விடாத ஆள் இல்லை. 'ஐ டிடின்ட் வென்ட்', 'டிட் யூ வென்ட்'. புத்தகத்தில இருக்கிற விளக்கம், டிட் வந்தா பிறகு வாறது பேஸ் ஃபோம், 'வென்ட்' இல்லை 'கோ'. சரி, எழுதியாச்சு, மனப்பாடமும் ஆச்சு, வெளியில போய் வாயைத் திறந்தா திரும்ப டிடின்ட் வென்ட். நான் என்ன செய்தன் எண்டா ஒருநாள் வெள்ளைப் பலகையில தமிழில எழுதினன்.

போனன் – போகேல்ல
வந்தன் – வரேல்ல
சாப்பிட்டன் – சாப்பிடேல்ல

"இப்ப சொல்லுங்கோ, இந்தப் பக்கத்தில 'போன' இருக்கு, அந்தப் பக்கத்தில ஏன் 'போக' ஆச்சு? நடந்து முடிஞ்ச கதைதானே, 'போனேல்ல' எண்டெல்லோ வரவேணும்?" எண்டு கேட்டன். வகுப்பே சிரிச்சது. வவுனியாப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு "போனேல்ல எண்டு ஆரும் சொல்லுவினமோ மிஸ்?" எண்டு கேட்டா. "சொல்லமாட்டினம் என்ன? 'இல்லை' வந்து ஒட்டினவுடன 'போன'வில இருந்த இறந்தகாலம் கழண்டு 'போக' ஆகுது. ஆரும் சொல்லித் தந்ததோ? ரெண்டு வயசில இருந்து பிழையில்லாமச் செய்யிறீங்கள். 'டிடின்ட் வென்ட்' எண்டுறது வெள்ளைக்காரன்ர காதுக்கு 'போனேல்ல' மாதிரித்தான் கேக்கும்." கொஞ்ச நேரம் ஹோல் அமைதி, ரயில் கூடப் போகேல்ல. பிறகு பாமசிப் பொடியன் மெல்லமா "ஐ டிடின்ட் கோ" எண்டான், நாக்கில வச்சு ருசி பாக்கிற மாதிரி.

அண்டையில இருந்து ஆராவது டிடின்ட் வென்ட் எண்டா மற்ற எட்டுப் பேரும் ஒண்டா 'போனேல்ல' எண்டு கத்துவினம். அதுதான் எங்கட பைன். இன்னும் இருக்கு, 'சாப்பிடேல்ல' எண்டா டிடின்ட் ஈட், 'சாப்பிடுறேல்ல' எண்டா டோன்ட் ஈட், 'சாப்பிடமாட்டன்' எண்டா வோன்ட் ஈட். மரக்கறி ஆக்களின்ர வீட்டில இறைச்சிக்கறியை நீட்டினா நீங்கள் சொல்லப்போறது இந்த மூண்டில எது எண்டு உங்களுக்கு ஒருக்காலும் குழம்புறேல்ல தானே. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு, இங்கிலீஷில கழண்ட இறந்தகாலம் 'டிட்'டுக்குள்ள போய் ஒளிச்சிருக்கும், எங்களுக்கு அது முழுசாவே காணாமப் போயிடும். இதையும் நான் சொல்லுவன், ஆனா ரெண்டாம் நாள்தான்.

'எ'யும் 'த'யும் எண்டால் இன்னும் பெரிய தலையிடி. புத்தகங்களில ஆர்ட்டிக்கிளுக்குப் பன்னிரண்டு விதி, பதினாலு விதி எண்டு போட்டிருப்பினம், ஆறுக்கு 'த' போடு, மலைத்தொடருக்குப் போடு, ஏரிக்குப் போடாதே. என்னட்ட வாறவை ஆறு மலை பற்றிக் கதைக்கப்போறேல்ல, அவை மீன் வாங்கப்போகினம். நான் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போற மாதிரித்தான் துவங்குவன். 'மீன் வாங்கினன்' எண்டா என்ன விளங்குது? ஏதோ மீன். 'மீனை வாங்கினன்' எண்டா? அப்ப உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்ச ஒரு மீன், காலமை கதைச்ச அந்தப் பாரை, விலை குறைக்கமாட்டன் எண்டு அவன் அடம்பிடிச்ச மீன். அந்த 'ஐ' இருக்கெல்லோ, அது எத்தினையோ இடத்தில 'த' செய்யிற வேலையைத்தான் செய்யுது. 'புத்தகம் எடுத்தன்', 'புத்தகத்தை எடுத்தன்'. ஐயா இதைக் கேட்டிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, "அப்ப உந்தத் 'த' எங்களிட்ட இருந்தே கிடந்திருக்கு" எண்டார். எல்லா இடத்திலயும் இது சரிவராது, ஆளுக்கு வாற 'ஐ' வேற கதை, 'அவனைக் கண்டன்' எண்டு எப்பிடியும் சொல்லத்தான் வேணும், எழுவாயில 'ஐ'யே வராது. ஆனா ஒருக்கா அந்த வித்தியாசத்தின்ர ருசி பிடிபட்டா பிறகு பிழை விட்டாலும் தாங்களே திரும்பிப் பாக்கினம்.

தமிழ் எல்லா இடத்திலயும் கை குடுக்கும் எண்டு நான் சொன்னா அது பொய். பிரசன்ட் பேர்ஃபெக்ற்றுக்கு நான் பெருமையாத்தான் துவங்கினன், 'கண்டிக்குப் போயிருக்கிறீங்களோ?' அதுதான் 'ஹேவ் யூ பீன் டு கண்டி?', எங்கட 'இரு'வுக்கு அவையின்ர 'ஹேவ்', பாத்தீங்களோ வடிவாப் பொருந்துது எண்டு. பாமசிப் பொடியன் கையைத் தூக்கினான். "மிஸ், அப்ப 'அவன் நேற்று வந்திருக்கிறான்' எண்டு சொல்லுறமே, 'ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே' எண்டா சரிதானே?" நான் மார்க்கரைக் கையில வச்சுக்கொண்டு நிண்டன். பிழை எண்டு தெரியும், யெஸ்டர்டே வந்தா ஹாஸ் வராது. ஆனா ஏன் தமிழில வருது? நாளைக்குச் சொல்லுறன் எண்டு அனுப்பிப்போட்டு ரெண்டு நாள் இதையே யோசிச்சுக்கொண்டு திரிஞ்சன், குசினியில, பஸ்ஸில, கோயிலில கூட. பிறகுதான் ஓடிச்சுது. 'நேற்று வந்திருக்கிறான்' எண்டு நாங்கள் எப்ப சொல்லுறம்? வந்ததைக் கண்ணால காணாதபோது. வாசலில குடை கிடக்கு, மேசையில குடிச்ச கப் இருக்கு, ஆகா, ஆள் வந்திருக்கிறான். அது துப்பறியிற வசனம். அதுக்கு இங்கிலீஷில ஹாஸ் காணாது, 'ஹி மஸ்ட் ஹேவ் கம்' எண்டு போகவேணும். பொடியனுக்கு இதைச் சொன்ன நேரம் அவன் சந்தோசப்பட்டதை விட நான்தான் கூடச் சந்தோசப்பட்டன். இருபது வருசமா இங்கிலீஷுக்கு எண்டு புறப்பட்டுக் கடைசியில தமிழைத்தான் படிச்சுக்கொண்டிருக்கிறன் போல.

சரி, கிராமர் ஒரு பக்கம் கிடக்கட்டும், கதைக்கிறது எண்டு வாறபோது எங்கட ஆக்கள் எங்க தடக்குப்படுகினம் எண்டு பாத்தா பெரும்பாலும் வசனத்தின்ர துவக்கத்திலதான். 'ஐ... ஐ... ஐ...' எண்டு நிண்டிடுவினம். கூச்சம் எண்டு எல்லாரும் சொல்லுவினம், கூச்சமும்தான், ஆனா அதுக்குக் கீழ வேற ஒண்டு இருக்கு. தமிழில வினை கடைசியில வரும். 'நேற்று நான் மாமாவோட ஆஸ்பத்திரிக்கு' எண்டு இழுத்துக்கொண்டே போய் 'போனன்' எண்டோ 'போகேல்ல' எண்டோ கடைசியில முடிக்கலாம், அது வரைக்கும் யோசிக்க நேரம் இருக்கு. இங்கிலீஷில ரெண்டாவது சொல்லிலயே வினையை வெளியில விட்டாகவேணும், போனதோ இல்லையோ எண்டு முன்னுக்கே முடிவெடுக்கவேணும். எங்கட மூளை வசனம் முழுக்கக் கட்டி முடிச்சுப்போட்டுத்தான் வாயைத் திறக்கப் பாக்குது, அதுக்கிடையில முன்னால நிக்கிறவர் பொறுமை இழந்து வேற கதைக்குப் போயிடுவார்.

இதுக்கு நான் ஒரு விளையாட்டு வச்சிருக்கிறன். தமிழ்ச் சொற்றொடர் ஒண்டு: 'நேற்று / பஸ்ஸில / என்ர காலை / மிதிச்ச / ஆள்'. இதைக் கடைசியில இருந்து முன்னுக்கு வாசியுங்கோ. ஆள், த மேன். மிதிச்ச, ஹூ ஸ்ரெப்ட். என்ர காலை, ஒன் மை ஃபுட். பஸ்ஸில, இன் த பஸ். நேற்று, யெஸ்டர்டே. அப்பிடியே கண்ணாடியில தெரியிற மாதிரித் திரும்பி நிக்குது பாருங்கோ. முதல் தரம் இதைப் பலகையில அம்புக்குறி போட்டுக் காட்டேக்க வவுனியாப் பிள்ளை கொப்பியில எழுதுறதை விட்டிட்டு அண்ணாந்து பாத்துக்கொண்டே இருந்தா. பிறகு சோடி சோடியா இருத்தி, ஆளும் வினையும் மட்டும் சொல்லு, அவ்வளவுதான், 'ஐ வென்ட்'. மற்ற ஆள் கேக்கவேணும் 'வெயர்?'. 'டு த ஹொஸ்பிட்டல்'. 'ஹூ வித்?'. 'வித் மை அங்கிள்'. 'வென்?'. முழு வசனம் ஒருத்தரும் கட்டத் தேவையில்லை, ரெண்டு பேரும் சேந்து ஒண்டைக் கட்டீனம். அந்தப் பிள்ளைக்கு வாற ஏ1 பரீட்சையில இன்னொரு ஆளையும் கூட இருத்தி ரெண்டு பேரையும் கதைக்கத்தான் விடுவினம், எழுத்தே இல்லை, கேக்கிறதும் கதைக்கிறதும் மட்டும். அதுக்கு அவ முதல் வகுப்பில முந்நூறு பக்கக் கிராமர் புத்தகம் ஒண்டை, பிரவுண் பேப்பர் உறை போட்டுக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்தவ.

பாமசிப் பொடியனுக்கும் இதையே சொல்லவேண்டி இருந்தது. ஐஈஎல்ரிஎஸ் ஸ்பீக்கிங்கில நாலு விஷயம் பாத்துப் புள்ளி போடுவினம், தடையில்லாமத் தொடர்ந்து கதைக்கிறது, சொல்வளம், கிராமர், உச்சரிப்பு, நாலுக்கும் சம பங்கு. கிராமர் காலே காலுத்தான். இவன் அந்தக் காலுக்காக மற்ற முக்காலையும் அடகு வச்சிட்டு, ஒரு பிழையும் வந்திடக்கூடாது எண்டு நிமிசத்துக்கு ஏழு சொல்லு கதைச்சுக்கொண்டிருந்தான்.

பயத்தைப் பற்றியும் சொல்லவேணும். சிங்களப் பொடியள் கம்பஸில இங்கிலீஷுக்கு வச்ச பேர் 'கடுவ', வாள் எண்டு அர்த்தம். நல்லாத்தான் வச்சிருக்கினம், வெட்டுப்பட்ட ஆக்கள் வச்ச பேர். நான் கொழும்பில கவனிச்ச ஒண்டு, சிங்களத்தைப் பிழையாக் கதைச்சா பஸ் கொண்டக்டர் சிரிச்சுக்கொண்டு சரியான சொல்லை எடுத்துத் தருவார், கடைக்கார அம்மா 'ஹரி ஹரி', சரி சரி எண்டுவா, (முந்தி சிங்களம் பிழைச்சா வேற பயம் இருந்த காலமும் உண்டு, அது இந்தக் கட்டுரைக்குள்ள அடங்காது). இங்கிலீஷைப் பிழையாக் கதைச்சா ஒருத்தரும் திருத்தமாட்டினம், சிரிக்கவும் மாட்டினம், ஒரு சின்ன இடைவெளி விட்டுப் பிறகு தாங்கள் தமிழுக்கு மாறிடுவினம். அந்த மாற்றம்தான் வெட்டு. எங்கட ஆக்களே எங்கட ஆக்களுக்குச் செய்யிறது. ஒருக்கா அரசாங்கம் 2009ஐ இங்கிலீஷுக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு எண்டு அறிவிச்சு, எங்கட மாதிரி எங்கட இங்கிலீஷைக் கதைப்பம் எண்டு ஒரு சுலோகமும் கொண்டு வந்தது. எனக்கு அந்தச் சுலோகம் பிடிச்சது. ஆனா இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவைக்கு அதை ஆரும் சொல்லேல்ல போல.

ஐயாவின்ர பிரச்சினை வேற. அவருக்கு வெக்கம் கொஞ்சமும் இல்லை, ஆனா 'யூ' எண்டு சொல்ல நாக்குக் கூசுது எண்டார். வயசு போன ஆளையும் யூ, பெடியனையும் யூ எண்டா அது என்ன மரியாதை ரீச்சர் பிள்ளை? கொஞ்ச நாள் பேரனுக்கு மட்டும் யூ எண்டும், எனக்கு 'ரீச்சர் வில் டிரிங்க் ரீ?' எண்டும் சமாளிச்சுக்கொண்டு இருந்தவர். மரியாதையை அவை வேற இடத்தில வச்சிருக்கினம் ஐயா, 'குட் யூ', 'வுட் யூ' எண்டதுக்குள்ள, எங்கட 'ஒருக்கா' மாதிரி, 'ஒருக்கா இதைப் பாக்கிறீங்களோ' எண்டா அதில எவ்வளவு பணிவு இருக்கு எண்டன். அதுக்குப் பிறகு குட் யூ இல்லாம அவர் ஒரு வசனமும் கதைக்கிறேல்ல, மழை பெய்தாலும் 'குட் யூ' எண்டுதான் துவங்குவார்.

பேரனோட கதை ஏன் நீளுதில்லை எண்டு கண்டுபிடிக்க நான் அவரை என்ன கேக்கிறீங்கள் எண்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னன். ஒரு துண்டில எழுதிக்கொண்டு வந்தார், நகைக்கடைப் பில் மாதிரி ஒரே நேர்கோட்டில. டிட் யூ ஈட்? டிட் யூ ஸ்லீப்? டிட் யூ கோ டு ஸ்கூல்? ஆர் யூ ஃபைன்? கிராமரில ஒரு பிழை இல்லை. எல்லாத்துக்கும் பதில் ஒரே சொல்லு, அவன் 'யா' எண்டிட்டு இருப்பான், கதை அதோட சரி. சாப்பிட்டாச்சா எண்டு நாங்கள் கேக்கிறது சாப்பாட்டைப் பற்றி இல்லையே, அது ஒரு அன்பு. அந்த அன்பு இங்கிலீஷுக்குள்ள போகேக்க வெறும் விசாரணையா ஆகிடுது. நான் துண்டில பொருந்துற கேள்விக்கு முன்னால ஒரு 'வட்' மட்டும் போட்டுக் குடுத்தன். வட் டிட் யூ ஈட். பள்ளிக்கூடத்துக்கு 'வட் டிட் யூ டூ'. டிட் யூ ஸ்லீப்பையும் ஆர் யூ ஃபைனையும் வெட்டினன். அவன் சொல்லுறதில விளங்கின கடைசிச் சொல்லைப் பிடிச்சுத் திருப்பிக் கேள்வியா விடுங்கோ எண்டன், 'பாஸ்ற்றா?', 'கோல் கீப்பர்?', அவ்வளவு போதும், மிச்சம் அவன் பாப்பான்.

அடுத்த கிழமை ஐயா நேரத்தோட வந்திட்டார், நான் இன்னும் கதிரை எடுத்துப் போடேல்ல. பிளேன்ரீ ஊத்திக் குடுத்தன். குடிக்காம வச்சுக்கொண்டு இருந்தார்.

"ரீச்சர் பிள்ளை, அண்டைக்கு நீங்கள் கேட்டனீங்கள், போனேல்ல எண்டு ஆரும் சொல்லுவினமோ எண்டு."

"அது நான் கேக்கேல்ல ஐயா, அந்தப் பிள்ளை கேட்டவ."

"ஆரோ கேட்டது. ஒரு ஆள் சொல்லுறான்."

லண்டனில பேரனைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில சேத்திருக்கினமாம். போனில வந்தவுடன தாய் பக்கத்தில நிண்டு சொல்லு சொல்லு எண்டு உலுப்ப, அவன் முகத்தைச் சுழிச்சு, யோசிச்சு, கடைசியில சொன்னானாம், "அப்பப்பா, நேற்று நான் ஃபுட்போலுக்குப் போனேல்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போச்சு. "திருத்தினீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. 'ஏன்ரா போனேல்ல?' எண்டு கேட்டன்." பிளேன்ரீயை அப்பதான் கையில எடுத்தார். "மழையாம். பிறகு எதோ பல்லு விழுந்த கதை, பாதி தமிழ் பாதி இங்கிலீஷ். என்ர போனில சார்ஜ் முடியும் வரைக்கும் கதைச்சவன்."